நின்று பார்ப்பது

இரவில் பெண் வெளியே போகலாமா என்று கேட்டால் இப்போது பலரும் தாராளமாகவே பதில் சொல்கிறார்கள்: வேலை இருந்தால் போகலாமே. விளக்கு போட்ட கட்டடங்களைப் படம் எடுப்பதுதான் என் வேலை, அதற்குச் சம்பளம் இல்லை என்றதும் அந்தத் தாராளம் தடுமாறும். "அதப் பகல்ல எடுக்கக் கூடாதா மேடம்?"

என் ஊர் பொதட்டூர்பேட்டை. நெசவாளர் ஊர். இரவு என்றால் எங்களுக்குத் தறிச் சத்தம். தறி ஓடும்வரை வீட்டுப் பெண்கள் விழித்திருந்து தார் சுற்றுவார்கள், அறுந்த இழையை முடிவார்கள். அந்தக் கண்விழிப்பை யாரும் தடுத்ததில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை ஆலை வேலையில் வைக்கக் கூடாது என்றது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. வீட்டுத் தறிக்கு அந்தக் கடிகாரம் எப்போதுமே ஓடியதில்லை. சிக்கல் இரவில் இல்லை, வாசற்படியில் இருக்கிறது.

தொல்காப்பியக் களவியல் பாடம் எடுக்கும்போது இரவுக்குறி வரும். தலைவனும் தலைவியும் இரவில் சந்திக்கும் இடம் மனையின் எல்லைக்குள், வீட்டார் பேச்சு காதில் விழும் தூரத்தில் இருக்க வேண்டும். பகற்குறிதான் வெளியே. திருட்டுத்தனமாகக் காதலிக்கும்போதும் அவளுடைய இரவுக்கு அளவு அவ்வளவுதான். மாணவிகள் சிரிப்பார்கள். உங்கள் விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று கேட்பேன். சிரிப்பு நின்றுவிடும்.

சாமிக்கென்றால் கதவு திறக்கும். டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித்திருவிழா. 365 படிகளுக்கும் மஞ்சள், குங்குமம், கற்பூரம், திருப்புகழ். மலையே விளக்கில் நிற்கும். நள்ளிரவில் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அதே மலையின் விளக்குகளைப் படம் எடுக்கக் கீழே தனியாக நின்றால் கேட்பார்கள்.

திருத்தணியில் மின்ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல். 1873இல் எழுந்த சிவப்பு ரயில் நிலையம், அதன் பக்கத்தில் 1913இல் திறந்த வெள்ளை ரிப்பன் கட்டடம். சூரியன் மறைந்த கால் மணியிலிருந்து அரை மணிக்குள் வானத்தின் நீலமும் சுவரின் விளக்கும் சமமாக இருக்கும். நல்ல படம் அதற்குள் எடுத்துவிட வேண்டும். பிறகு வானம் கறுத்துவிடும். கறுப்பைக் கண்ட கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளைச் சுவர் வெளுத்துப்போகும். அதனால் அளவுகளை நானே வைப்பேன். ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 11. ஷட்டர் எட்டு நொடி, பத்து நொடி திறந்திருக்கும். அவ்வளவு நேரம் கேமரா அசையக் கூடாது. ட்ரைபாட் வேண்டும். நானும் அதன் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

பெண்ணுக்கு இரவில் பழக்கியதெல்லாம் இதற்கு நேர் எதிரானது. வேகமாக நட, நிற்காதே, யாரையும் பார்க்காதே. 1930களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் இரவைப் படம் எடுத்த பெரனிஸ் அபாட், ஐந்து மணிக்கு அலுவலக விளக்குகள் அணையும் முன்பே இருட்ட வேண்டும் என்று ஆண்டிலேயே பகல் குறைந்த நாளைத் தேர்ந்தெடுத்தார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல்மாடிச் சன்னலில் கேமராவை வைத்து ஒரே படத்துக்குப் பதினைந்து நிமிடம் காத்திருந்தார். அந்தப் பதினைந்து நிமிடம் அவருக்குக் கிடைத்தது உயரத்தில். எனக்கு அது நடைபாதையில் வேண்டும்.

நீண்ட நேரம் ஷட்டர் திறந்திருந்தால் ஓடுகிற கார்கள் ஒளிக்கோடாகும். நடக்கிறவர்கள் படத்தில் பதிவதே இல்லை. கைப்பையை மார்போடு அணைத்தபடி ரயிலுக்கு விரைகிற பெண்கள் எத்தனையோ பேர் என் கேமராவைக் கடந்திருக்கிறார்கள். படத்தில் ஒருவரும் இல்லை. வெறிச்சோடிய அழகான நகரம் என்று பார்ப்பவர்கள் சொல்கிறார்கள்.

ஒருநாள் ஒரு பெண் நின்றார். "என்னம்மா எடுக்கறீங்க?" கட்டடத்தைக் காட்டினேன். "டெய்லி இப்படித்தான் போறேன், பார்த்ததே இல்ல" என்று சற்று நேரம் பார்த்தார். பிறகு கைபேசியில் மணி பார்த்துவிட்டு ஓடினார்.

தறி, பக்தி, சம்பளம் எல்லாம் இரவுக்கான அனுமதிச் சீட்டுகள். என் ட்ரைபாடும் அப்படி ஒரு சீட்டுதான். அது இருப்பதால்தான் என்னைக் கேள்வியோடு விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண்ணிடம் ட்ரைபாட் இல்லை. கையில் எதுவும் இல்லாமல், எந்த வேலையும் இல்லாமல், விளக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அவர் அங்கே இன்னும் பத்து நிமிடம் நிற்க முடிய வேண்டும்.