சட்டம் கூறிட்ட வீடு

தமிழில் ‘வீடு’ என்னும் சொல் இருபொருள் தருவது. மனிதன் தங்கி வாழும் இல்லத்தையும், பற்றுக்களை விட்டு அவன் அடையும் விடுதலையையும் அஃது ஒருங்கே சுட்டும். ஐக்கிய அமெரிக்காவில் மோட்டார் வீடு வாங்குவோர் இவ்விரண்டையும் ஒரே விலைக்குப் பெற்றுவிட்டதாகவே எண்ணுகின்றனர். படுக்கை, அடுப்பு, குளியலறை, மலசலகூடம் யாவும் கொண்டு, தன் எஞ்சினாலேயே ஓடும் அவ்வாகனம், நினைத்த திசையிற் செல்லும் சுதந்திரத்தையும் இரவில் தலைசாய்க்க ஒரு கூரையையும் சேர்த்தே வாக்களிக்கின்றது. அவ்வாக்குப் பொய்க்குமிடத்து, வாங்கியவருக்குச் சட்டம் எந்த அளவுக்குத் துணைநிற்கின்றது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

ஓய்வுபெற்றபின் தம் நிலையான இல்லத்தை விற்று, அப்பணத்தில் புதிய மோட்டார் வீடொன்றை வாங்கிய தம்பதியரைக் கற்பனை செய்து பார்க்கலாம். முதல் மழையிலேயே கூரை ஒழுகுகின்றது. சுவர்ப்பலகை ஊறி உப்புகின்றது. மின்னிணைப்பு இடையிடையே அறுந்துபோகின்றது. வாகனம் திருத்தத்திற்குச் செல்கின்றது, வாரங்கள் கழிந்து திரும்புகின்றது, மீண்டும் ஒழுகுகின்றது. கார் பழுதானவர் பஸ் ஏறியேனும் வீடு திரும்பிவிடலாம். இவர்களுக்கோ கராச்சில் நிற்பதே வீடு. 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வாகனங்களையே வாழிடமாகக் கொண்ட முதியோரைப் பற்றி ஜெசிக்கா புருடர் 2017இல் வெளியிட்ட ‘நோமாட்லாண்ட்’ என்னும் நூலை அறிந்தோர், சக்கரங்களின் மேல் வாழ்வோர் அனைவரும் உல்லாசப் பயணிகள் என்று கருதமாட்டார்.

பழுதோடு பிறந்த காரை அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘லெமன்’ என்பர். பளபளக்கும் தோலைக் கண்டு கடித்தவர் முகஞ்சுளிப்பதை எண்ணினால் பெயர் பொருத்தமானதே. 1970இல் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ் இச்சொல்லைத் தலைப்பிலேயே கொண்ட ஆய்வுக்கட்டுரையொன்றை வெளியிட்டார். விற்பவன் பொருளின் குறையை அறிவான், வாங்குபவன் அறியான், இவ்வறிவு வேறுபாடு நல்ல பொருளையும் சந்தையினின்று விரட்டிவிடும் என்பது அவர் கண்ட உண்மை. பழைய கார்ச் சந்தையோடு அமையாது, இந்தியக் கிராமங்களில் வட்டிக்குக் கொடுப்போரின் நிலையையும் அவர் அக்கட்டுரையில் எடுத்துக்காட்டியுள்ளார். 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

இவ்வறிவு வேறுபாட்டின் சுமையை வாங்குபவனின் தோளிலிருந்து இறக்கவே சட்டங்கள் எழுந்தன எனலாம். கலிபோர்ணியாவின் சோங்–பெவர்லி சட்டம் 1970இலும், உத்தரவாதங்கள் பற்றிய மக்னுசன்–மொஸ் மத்திய சட்டம் 1975இலும் தோன்றின. 1982இல் கனெக்டிகட் மாநிலம் ‘லெமன் சட்டம்’ எனப் பெயர்பெற்ற முதலாவது சட்டத்தை இயற்றிற்று. காலப்போக்கில் ஐம்பது மாநிலங்களும் ஏதோவொரு வடிவில் அதனைப் பின்பற்றின. கலிபோர்ணியாவின் ஏற்பாடு இதற்கு நல்ல உதாரணம். வாகனம் கைக்கு வந்து 18 மாதங்கள் அல்லது 18,000 மைல்கள், இவற்றுள் எது முந்துகின்றதோ அதற்குள், ஒரே குறை நான்கு முறை திருத்தப்பட்டும் தீராவிடின், அல்லது உயிராபத்து விளைக்கும் குறை இருமுறை திருத்தப்பட்டும் நீடிப்பின், அல்லது திருத்தத்திற்காக வாகனம் 30 நாட்களுக்கு மேல் முடங்கிக் கிடப்பின், உற்பத்தியாளருக்குப் போதிய வாய்ப்பளிக்கப்பட்டுவிட்டதாகச் சட்டம் ஊகிக்கும். அதன்பின் மாற்று வாகனமோ விலைப்பணமோ கொடுத்தல் அவர் கடனாகும்.

மோட்டார் வீட்டிடம் வரும்போது இச்சட்டங்கள் கையில் வாளெடுத்துக்கொள்கின்றன. கலிபோர்ணியாச் சட்டம் ‘புதிய மோட்டார் வாகனம்’ என்பதற்குள் அடிச்சட்டகத்தையும், வீட்டை ஓடச்செய்யும் பகுதியையும் சேர்த்து, மனித வாசத்திற்கான பகுதியை வெளியே நிறுத்துகின்றது. ஒஹையோச் சட்டம் உணவைக் குளிரிற் பேணவும், சமைக்கவும், உண்ணவும், உறங்கவும் நிலையாகப் பொருத்தப்பட்டவற்றை விலக்குகின்றது. புளோரிடாச் சட்டமோ தரை, நீர்க்குழாய்கள், கூரைக் குளிரூட்டி, மின்பிறப்பாக்கி, பக்கக் கதவு என ஒரு நீண்ட பட்டியலே தருகின்றது. ஓட்டுநரின் எதிரிலுள்ள கண்ணாடிக்குக் காப்புண்டு. உறங்குபவரின் தலைமாட்டு யன்னலுக்கு இல்லை. காருக்கு 30 நாள் முடக்கத்தை எல்லையாகக் கொண்ட அதே சட்டம், இவ்வாகனத்திற்கு 60 நாட்களை விதிக்கின்றது. வேறு பாவனைப் பொருள்களுக்குரிய பொதுவான உத்தரவாதச் சட்டங்கள் வாழிடப் பகுதிக்கும் உதவக்கூடும் என்பது உண்மையே. ஆயினும், நான்கு திருத்தம், முப்பது நாள் என்னும் தெளிவான அளவுகோல் அங்கே கைவிட்டுப்போகின்றது. ஒழுகும் கூரையின் கீழிருப்போருக்கு வேண்டியது அத்தெளிவே.

பிற சட்டங்களோடு ஒப்பிடுமிடத்து இம்முரண் மேலும் துலங்கும். வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை வழங்குமிடத்து அமெரிக்க மத்திய வரித்துறை, உறங்கவும் சமைக்கவும் வசதியும் மலசலகூடமும் இருப்பின் மோட்டார் வீட்டையும் வீடாக ஏற்கும். லெமன் சட்டம் எவற்றைக் காரணங்காட்டி விலக்கிற்றோ, அவையே அங்குத் தகுதியாகின்றன. மறுபுறம், 1985இல் ‘கலிபோர்ணியா எதிர் கார்ணி’ என்னும் வழக்கில், தக்க காரணம் இருப்பின் பொலிஸார் நீதிமன்ற ஆணையின்றியே மோட்டார் வீட்டைச் சோதனையிடலாமென அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. அங்கே அது வாகனம். வரித்துறைக்கு வீடு, பொலிஸாருக்கு வாகனம், அதன் குறைக்குப் பொறுப்புக் கேட்கும்போது மட்டும் பாதி அது, பாதி இது.

சட்டம் இட்ட கூறு, உற்பத்தியில் உள்ள கூற்றோடு பொருந்தியே இருக்கின்றது. அடிச்சட்டகத்தைப் போர்ட், பிரெயிட்லைனர் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. அதன்மேல் வீட்டைக் கட்டுவது வேறு நிறுவனம். குளிர்சாதனப்பெட்டியும் மின்பிறப்பாக்கியும் வெவ்வேறு கைகளிலிருந்து வருபவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உத்தரவாதப் பத்திரம். மின்சாரம் அறுந்தால் ‘அது அவர்கள் பகுதி’ என்று ஒருவர் மற்றவரைச் சுட்ட இடமுண்டு. அமெரிக்காவின் பொழுதுபோக்கு வாகனங்களிற் பெரும்பகுதி கட்டப்படும் எல்கார்ட் பிரதேசம் இந்தியானா மாநிலத்தில் உள்ளது. அம்மாநிலத்தின் லெமன் சட்டமோ, மோட்டார் வீடுகளைத் தன் வரைவிலக்கணத்திலிருந்தே முழுமையாக விலக்கிவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

உற்பத்தியாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. ஓடும் வீடு ஒவ்வொரு மைலிலும் குலுங்குவது. நிலத்தில் நிற்கும் வீட்டிற்கு அத்துன்பமில்லை. ஓர் அலுமாரிக் கதவு கழன்றமைக்காக முழு விலையையும் மீளக் கேட்பது முறையாகாது. ஆனால், குறை பாரியதா சிறியதா என அளந்தறிவது ஒன்று. அது வண்டியின் எப்பகுதியில் நேர்ந்தது என்று பார்த்து ஒதுக்குவது வேறொன்று. முன்னது நீதி, பின்னது வசதி. வேறு வழியில்லை என்பதும் பொருந்தாது. எஞ்சினே இல்லாது இழுத்துச் செல்லப்படும் வீட்டையும் டெக்சாஸ் மாநிலத்தின் லெமன் சட்டம் தன் காப்பினுள் ஏற்றுள்ளது. வாழிடப் பகுதியை விலக்கும் வாஷிங்டன் மாநிலச் சட்டங்கூட, அடிச்சட்டகம் செய்தவர், உறுப்புச் செய்தவர், இறுதியாகக் கட்டி முடித்தவர் ஆகிய அனைவரையும் ‘மோட்டார் வீட்டு உற்பத்தியாளர்’ என்னும் ஒரே பெயருக்குள் அடக்குகின்றது. பொறுப்பைத் தம்முள் பங்கிட்டுக்கொள்ளும் வேலை செய்தவர்களுடையதாதல் வேண்டும். அதனை வாங்கியவர் தலையில் ஏற்றுதல் தகாது.

பொருளைப் பற்றி யார் மிகுதியாக அறிவாரோ அவரே அதன் குறைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் எளிய அறத்தின் மீதே லெமன் சட்டம் கட்டப்பட்டது. கூரைக்குள் நீர் எங்கே புகுகின்றதென்பதை அதைக் கட்டியவரே அறிவார். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் அறியார். அவர் அடிச்சட்டகம் ஒன்றையும் சமையலறை ஒன்றையும் வெவ்வேறாக வாங்கவில்லை. ஒரு வீட்டையே வாங்கினார். ஒரே விலை கொடுத்தார். கடனும் ஒன்றாகவே இருந்தால், அதன் மாதத் தவணை கூரை ஒழுகும் மாதத்திலும் குறையாது. சட்டம் ஆயத்தக்கது வாகனத்தின் உறுப்புகளை மாத்திரமன்று; விற்றபோது எது வாக்களிக்கப்பட்டது என்பதையுமாகும். வாக்களித்தது முழு வீடெனின், பொறுப்பும் முழுமையாகவே இருத்தல் வேண்டும்.