கண்ணாடி மேல் தூசி

லென்ஸ் கழற்றி மாட்டும் காமிரா வைத்திருப்பவன் தூசியோடுதான் வாழ்ந்தாக வேண்டும். ஃபிலிம் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் புதிய தளம் வந்தது. ஃபிலிமில் ஒட்டிய தூசி ஃபிலிமோடு நகர்ந்து போய்விடும். டிஜிட்டலில் தளம் ஒன்றே. இன்று விழுந்த துகள் அடுத்த மாதப் படத்திலும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

சென்ஸாரில் தூசி என்கிறோம். உண்மையில் அது படிவது சென்ஸாருக்கு முன்னால் இருக்கும் மெல்லிய கண்ணாடித் தகட்டின் மேல். அந்தச் சிறிய இடைவெளிதான் அதை மறைக்கிறது. எஃப் 2.8-ல் ஒளி அகன்ற கூம்பாக வருவதால் நிழல் கரைந்துவிடும். எஃப் 16-ல் கூம்பு குறுகி, நிழல் கறுத்துத் திரளும். அப்போதும் இலை அடர்ந்த மரத்தில் தெரியாது. வெறும் வானத்தில் தெரியும். சோதனை சுலபம். எஃப் 16 அல்லது 22 வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வானத்தைப் படமெடுக்க வேண்டும். பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தில் மேலே தெரியும் புள்ளி தகட்டில் கீழே இருக்கும்.

விமர்சனம் எழுதுகிறவன் என்பதால் எனக்கு இது காமிராவோடு நின்றுவிடவில்லை. ஒருவர் பத்துத் தொகுப்புகளுக்கு மதிப்புரை எழுதுகிறார். பத்திலும் ஒரே குறை, ஒரே இடத்தில். இடம் மாறாத புள்ளி வானத்துடையதாக இருக்க முடியாது. சிக்கலான கவிதையில் அது மறைந்துகொள்கிறது. எளிய கவிதையில் பளிச்சென்று தெரிகிறது. திட்டு வாங்குகிறவன் எளிய கவிஞன்.

லென்ஸ் மாற்றும்போது நான் காமிராவை அணைத்துவிட்டு, அதன் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்வேன். மாட்ட வேண்டிய லென்ஸின் பின்மூடி முன்பே தளர்ந்திருக்க வேண்டும். மூடிகளையும் துடைத்து வைக்க வேண்டும். தூசி அங்கிருந்தும் ஏறுகிறது. விழுந்ததை முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதுவது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்த காற்று சில சமயம் திரவத்தையும் துப்பும். ஊதியும் போகாததற்குத்தான் ஈர ஸ்வாப். ஒரு பக்கத்தால் ஒரே இழுப்பு, மறுபக்கத்தால் திரும்ப ஒன்று, பிறகு எறிந்துவிட வேண்டும். பயன்படுத்திய ஸ்வாபால் மறுபடி துடைத்தால் தூசி இடம் மாறும், அவ்வளவுதான். 2003-ல் வந்த ஒலிம்பஸ் இ-1 தகட்டை அதிரவைத்துத் தூசியை உதறியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். உலர்ந்த தூசி உதிரும், ஒட்டிக்கொண்டது உதிராது. புள்ளியைக் கணினியில் அழிக்கலாம். காமிராவில் அது அப்படியேதான் இருக்கும்.

1920-ல் நியூயார்க்கில் மார்செல் துஷாம்ப்பின் ‘பெரிய கண்ணாடி’ மேல் மாதக்கணக்கில் படிந்த தூசியை மான் ரே படமெடுத்தார். துஷாம்ப் ஒரு பகுதித் தூசியை வார்னிஷால் நிலைநிறுத்திவிட்டு மிச்சத்தைத் துடைத்தார். எதை வைத்துக்கொள்வது என்று தெரிந்தவன் கையில் தூசியும் வர்ணம்தான். ஆனால் அவர்கள் தூசியைப் பார்த்தார்கள். நாம் தூசியின் வழியாகக் கவிதையைப் பார்க்கிறோம்.

விமர்சனத்துக்கும் வெறும் வானம் போல ஒரு சோதனை உண்டு. ஒருவருடைய மதிப்புரைகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் திரும்ப வரும் வசைச்சொல்லை அடிக்கோடிட வேண்டும். நம் சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களில் யாராவது இதைச் செய்து பார்க்கலாம். பென்சில் போதும்.