தூசி புகுந்த வழி

"எஞ்சினைப் பிரிக்கிறது பெரிய வேலை இல்ல சார். எதனால போச்சுன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை." கோலார் தங்கவயலில், தகரக் கூரை போட்ட பட்டறையில் ஒரு மெக்கானிக் சொன்னது இது. அவர் அப்பா சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். மகன் இப்போது பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு உயிர் கொடுக்கிறார்.

அன்று ஸ்டாண்டில் நின்றது ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை இங்கே தயாரித்த வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன். எடை குறைவு, இழுவை அதிகம் என்பதால் மண் தடத்தில் ஓட்டும் இளைஞர்களுக்கு இன்றும் இதன்மேல் தனிப் பிரியம். இந்த வண்டிக்கும் மட்கார்டைத் தூக்கி, முள் டயர் மாட்டி, 'பிக்கப்' ஏறும் என்று கம்பெனி ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு வலை ஃபில்டர் ஒன்றைச் செருகியிருந்தார்கள்.

வண்டிக்காரப் பையன் சொன்ன குறை மூன்று: சூடேறினால் இழுவை இல்லை, ஐடிலிங் தானாக எகிறுகிறது, உள்ளே டக் டக்கென்று சத்தம். மெக்கானிக் ஸ்பேனரைத் தொடவில்லை. ஆயில் என்ன ஊற்றுகிறாய், கடைசியாக எப்போது போர் பண்ணினாய் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கினாய்) என்று கேட்டுக்கொண்டே பிளக்கைக் கழற்றினார். நுனி காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் நலம். இது வெளுத்திருந்தது. பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது.

எங்கிருந்து என்பதைக் காட்ட ஒரு சோதனை உண்டு. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து இறுக்கி அடைத்து, கைப்பம்பால் மெதுவாகக் காற்றேற்றினார். ஆறு பவுண்டு அழுத்தம் போதும். மிஞ்சினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். மேக்னட் கவரைத் திறந்து சோப்புத் தண்ணீர் தடவியதும் கிராங்கைச் சுற்றிக் குமிழ் கிளம்பியது. இடப்பக்க ஆயில் சீல் போயிருக்கிறது. வலப்பக்க சீல் போயிருந்தால் கிராங்க் கேஸ் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாகக் கக்கும். கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வரும். இரண்டு சீலும் தேய்பவைதான், காட்டும் குறி வேறு.

அதன் பிறகே ஹெட்டைத் திறந்தார். பிஸ்டனைக் கையில் எடுத்து என்னிடம் திருப்பிக் காட்டினார். சைலன்சர் பக்கம் நெட்டுக் கோடுகள்: காற்று மிஞ்சிச் சூடேறி ஜாம் ஆகப் பார்த்ததன் அடையாளம். கார்புரேட்டர் பக்கமோ மினுமினுப்பு போய், உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் சாம்பல் பூத்திருந்தது. அது தூசியின் வேலை. ரீட் வால்வில் விரலை வைத்தால் ஆயிலோடு குழைந்த நறநறப்பான களிம்பு ஒட்டியது. ஒரே எஞ்சினில் இரண்டு நோய். போர் பண்ணி பிஸ்டன் மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் இரண்டும் உள்ளேயே இருந்திருக்கும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்று நேராக ஹெட்டுக்குப் போகும். டூ-ஸ்ட்ரோக்கில் முதலில் கிராங்க் கேஸுக்குள் இறங்கி, அங்கே அமுங்கி, பிறகே சிலிண்டருக்கு ஏறுகிறது. ஆகவே ஃபில்டரைத் தாண்டும் துகள் கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு பேரிங் இரண்டையும் அரைத்துவிட்டுத்தான் பிஸ்டனுக்கு வருகிறது. சத்தம் ராடிலிருந்துதான். ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார், ஆட்டம் இருந்தது. பக்கவாட்டில் சிறிது அசையலாம். மேல்கீழாக ஆட்டம் தெரியவே கூடாது.

தங்கவயலின் தூசி லேசுப்பட்டதல்ல. இங்கே தங்கம் கிடந்தது குவார்ட்ஸ் பாறைக்குள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை அந்தப் பாறையை வெட்டி, மாவாக அரைத்து, பின்னாளில் சயனைடிலும் கரைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய மண் சயனைடு மேடுகளாக ஊரெங்கும் நிற்கிறது. குவார்ட்ஸ் துகள் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. சிலிண்டர் சுவர் அதன்முன் நிற்காது. சுரங்கத்துக்குள் துளைபோட்டவர்களின் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் தந்ததும் இதே பாறையின் தூசிதான். "எங்கப்பாவும் இருமி இருமித்தான் போனாரு" என்றார் மெக்கானிக், பிஸ்டனைத் துடைத்தபடி.

கட்டும் வேலையில் அவர் காட்டிய ஒழுங்கு சுரங்கத்துக் கைகளிடமிருந்து வந்தது. சிலிண்டரின் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். ஓவர்சைஸ் பிஸ்டன் கால் மில்லிமீட்டர் கணக்கில் ஏறும். பிஸ்டனை முதலில் வாங்கி அளந்த பிறகே லேத்துக்குச் சிலிண்டர் போனது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பிப் போர் பண்ணக் கூடாது என்பது அவர் சட்டம். இடைவெளி சுமார் 0.04 மி.மீ. திரும்பி வந்த சிலிண்டரில் போர்ட் விளிம்புகளின் கூர்மையை மழுக்கினார். இல்லாவிட்டால் ரிங் மாட்டி உடையும். பிறகு சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, வெள்ளைத் துணி அழுக்காகாமல் வரும்வரை துடைத்தார். ஹானிங் கல்லின் பொடி உள்ளே மிஞ்சினால் அதுவும் தூசிதானே.

கிராங்கை பிரஸ்ஸில் பிரித்துப் புது ராடு ஏற்றி, டயல் கேஜ் வைத்துத் தட்டித் தட்டி நேராக்கினார். இரண்டு பக்க சீலும் புதிது. பிஸ்டன் மேலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க, சர்க்ளிப் புதிதாக ஏறியது. கட்டி முடித்ததும் மறுபடி காற்றேற்றிப் பார்த்தார். கேஜ் முள் இறங்கவில்லை. கடைசியாக, கழற்றி வீசிய ஃபில்டர் பெட்டியைப் பையனிடம் தேடிக் கொண்டுவரச் சொல்லி, ஸ்பாஞ்சில் ஆயில் தடவி மாட்டினார். அது இல்லாமல் வண்டியை வெளியே விட அவர் சம்மதிக்கவில்லை.

டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல மூன்று உண்டு. போர் பண்ணச் சொல்வதற்கு முன் காற்றேற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக்கு ஆகும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள். பட்டறைக்காரர்களுக்கு ஒன்று: ஏர் கன்னால் தூசி ஊதும்போது மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடுங்கள். எஞ்சினுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும். நுரையீரலுக்குக் கிடைக்காது.