கனி பொறித்த வெள்ளிக் காசு

பழைய காசு சேர்ப்பது ஒரு பைத்தியம் என்று வீட்டிலுள்ளவர்கள் சொன்னால் நாம் மறுப்பதில்லை. அதிலும் நம்மைப் பிடித்திருப்பது கிரேக்க தேசத்துத் தீவுகளின் வெள்ளிக் காசுப் பைத்தியம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் நாம் வாங்கியது ஒன்றே ஒன்றுதான். ஈஜினா தீவில் அடித்த காசு. ஒரு புறம் கடல் ஆமை. மறுபுறம் அச்சு பதிந்த சதுரக் குழி. புதிதில் 12 கிராமுக்குச் சற்று மேல் இருந்திருக்கும்; இப்போது தேய்ந்திருக்கிறது.

ஆயினும் நமது மனம் நாடியது மீலோஸ் தீவின் காசையே. கிரேக்க மொழியில் 'மீலோன்' என்றால் ஆப்பிள் போன்ற கனி. தங்கள் தீவின் பெயரோடு ஒலி ஒத்த அக்கனியையே மீலோஸ் மக்கள் காசில் பொறித்தனர். கி.மு. 416-இல், குடியாட்சிக்குப் பெயர் போன ஏதென்ஸ் நகரத்தார் படையுடன் வந்து, பணிந்து கப்பம் கட்டச் சொன்னார்கள். மீலோஸ் மக்கள் சுதந்திரத்தை விட மறுத்தனர். முற்றுகையின் முடிவில் ஆண்கள் கொல்லப்பட்டனர். பெண்டிரும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். சரித்திராசிரியர் துஸிடிடீஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். 1907-இல் அத்தீவில் ஏறக்குறைய 80 வெள்ளிக் காசுகள் கொண்ட புதையல் ஒன்று வெளிப்பட்டது. புதைத்தவன் அதை எடுக்கத் திரும்பவே இல்லை.

ஒரு நாள் வியாபாரி ஒருவர் அத்தகைய காசு ஒன்றை நம் உள்ளங்கையில் வைத்தார். விலையும் நமக்கு எட்டக்கூடியதாயிருந்தது. கை நடுங்கிற்று.

"எங்கே கிடைத்தது?" என்று கேட்டோம்.

புன்னகை செய்தார்.

"இதற்கு முன் யாரிடம் இருந்தது? பழைய சீட்டு ஏதாவது உண்டா?"

மறுபடியும் புன்னகைதான்.

போலி வார்ப்போ, இரவில் எவரோ தோண்டித் திருடியதோ, யார் கண்டது? போலியானால் நஷ்டம் நமக்கு. உண்மையானால் நஷ்டம் அந்தத் தீவுக்கு. கிடைத்த இடம் தெரியாமற் போனால் காசின் கதையில் பாதி போய்விடுகிறதல்லவா? திருப்பிக் கொடுத்துவிட்டோம். அன்றிரவு தூக்கம் வரவில்லை என்பதையும் ஒளிப்பானேன்?

மறுநாள் ஆமைக் காசை எடுத்துப் பார்த்தோம். முன்பு அதை வைத்திருந்தவர் தம் கைப்பட எழுதிய சீட்டும் கூடவே இருந்தது. ஈஜினா மக்களையும் கி.மு. 431-இல் ஏதென்ஸ் நகரத்தார் ஊரை விட்டே விரட்டினார்கள். ஆமை மட்டும் மெல்ல மெல்ல ஊர்ந்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

கனிக் காசுக்கென்று பெட்டியில் ஒதுக்கிய இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. வருகிற நண்பர்களுக்கு அந்த இடத்தைக் காட்டித்தான் மீலோஸின் கதையைச் சொல்லி வருகிறோம்.