வெட்டுப்படம் எங்கே?

உள்ளக வடிவமைப்புப் பட்டம் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் பயிற்சிக்கு வந்ததும் கணினியில் முப்பரிமாணப் படத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள். நிறமும் வெளிச்சமும் அழகாகவே இருக்கும். நான் வெட்டுப்படத்தைக் கேட்பேன். அலுமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? அடிப்பலகை தரையில் படுகிறதா, கால் வைத்து உயர்த்தியிருக்கிறதா?

கண்டிக்கு அருகிலுள்ள எங்கள் கெலிஓயாவில் இந்தக் கேள்விகளைத் தவிர்க்க முடியாது. தென்மேல் பருவத்திலும் மழை, ஐப்பசியிலும் மழை. மேட்டை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்ணோடு ஒட்டி நிற்கும். ஈரம் உள்ளே ஊறும். அந்தச் சுவரோடு எம்.டி.எஃப். பலகையை ஒட்டி அடித்தால் அது ஊதிவிடும், பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். கொஞ்சம் காற்று போக வழி விட்டால் போதும். அந்த வழியைத் தாளில் கோடாகக் காட்டத் தெரிந்தவரைத்தான் நான் வடிவமைப்பாளர் என்பேன்.

பல்கலைக்கழகம் இதற்கு உதவாது என்று சொல்லமாட்டேன். ஒரே அறையைத் திரும்பத் திரும்ப வரையவைப்பதும், ஏன் இப்படி வைத்தாய் என்று எல்லோர் முன்னும் கேட்பதும் பெரிய பயிற்சி. வீட்டுக்காரரிடம் காரணம் சொல்லும் தைரியம் அங்கேதான் வருகிறது. ஆனால் மரம் வேலைப்பட்டறையில் இருக்கிறது.

அதனால் பிள்ளைகளைப் பக்கத்திலுள்ள எம்பெக்க தேவாலயத்துக்கு அனுப்புகிறேன். எல்லோரும் தூண்களின் செதுக்கலைப் படம் பிடிப்பார்கள், அவை பிடிக்கவேண்டியவைதான். நான் கூரையைப் பார்க்கச் சொல்வேன். 26 கைமரங்கள் ஓரிடத்தில் கூட, ஒரே பெரிய மர ஆப்பு அவற்றைப் பிடித்து நிற்கிறது. அதை அளந்து வரைந்து வந்தால் ஒரு பருவப் பாடம் முடிந்த மாதிரி.

கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் இணைந்தவர். ஆசியப் பெண்களில் அவரே முதல்வர். ஆனாலும், சரிவான நிலத்தில் எழுப்பிய கருணாரத்ன வீட்டுக்குத் தும்பறைப் பாய் நெய்பவர்களையும் அரக்கு வேலைக்காரர்களையும் தேடிப் போனார். பாய் நெசவு அங்கே கதவுப் பலகைக்குள் ஏறியது. நெய்தது எவ்வளவு அகலம் வருமென்று தெரியாமல் அந்தச் சட்டத்தை வரைந்திருக்க முடியாது.

இறுதியாண்டு மதிப்பீட்டில் விரிவுரையாளர்களுக்குப் பக்கத்தில் ஒரு தச்சு பாஸையும் உட்காரவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. படத்தைப் பார்த்து, "இதை எப்படி மாட்டுறது, மகள்?" என்று அவர் கேட்கட்டும். அதற்கும் புள்ளி இருக்கட்டும்.