டயப்பரின் கனமும் முதியோரின் கண்ணியமும்



பெற்றோரைப் பேணுதல் குறித்து நம் மேடைகளில் நிறையப் பேசப்படுகிறது. பெற்றோர் இருவரில் ஒருவரோ இருவருமோ முதுமையை அடைந்துவிட்டால் அவர்களிடம் 'சீ' என்றுகூடச் சொல்லலாகாது என்னும் சூரா பனீ இஸ்ராயீலின் கட்டளையை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. ஆயினும் அந்தச் சொல் நம் நாவின் நுனிக்கு வரும் இடம் எது என்பதை நாம் பேசுவதில்லை. சிறுநீரால் நனைந்த படுக்கையும், இரவில் மூன்றாம் முறை மாற்றப்படும் விரிப்பும், அறையில் தங்கிவிட்ட வாடையுமே பெரும்பாலும் அந்த இடம். அல்லாஹ் முதுமையைக் குறிப்பிட்டே அக்கட்டளையை இட்டிருப்பதன் பொருள், அந்த அறையில் நிற்கும்போதுதான் நமக்கு விளங்குகிறது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது பலரும் பேசக் கூசும் பொருள்: பெரியவர்களுக்கான டயப்பர். எது கனமானது, எது மெல்லியது, எது எவ்வளவு உறிஞ்சும் என்பவை கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்விகள். ஆனால் ஒரு முதியவர் நிம்மதியாகத் தொழுவதும், தாகத்திற்குத் தண்ணீர் குடிப்பதும், உறவினர் நடுவே அமர்வதும் அந்தக் கேள்விகளின் விடையைச் சார்ந்திருக்கின்றன.

எம் வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் தளர்ந்தபின், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் குறைந்தது. நாம் முதலில் கவனித்தது ஈரத்தை அன்று. அவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டதையே. அஸருக்குப் பின் ஒரு மிடறுகூட வேண்டாம் என்பார்கள். அடுத்து, ஐம்பது ஆண்டுகளாக விடாத ஜமாஅத்தை விட்டார்கள். பிறகு ஒருநாள் மஃரிப் பாங்கு கேட்டும் அசையாமல் இருந்தார்கள். காரணம் கேட்டோம். "இந்த நஜீஸோட நான் எப்படி வாப்பா அல்லாஹ்வுக்கு முன்னால நிப்பேன்?" என்றார்கள். மத்ரஸாவில் பல ஆண்டுகளாகத் தஹாரத்தின் பாடத்தை நடத்தி வரும் எமக்கு, அந்தப் பாடம் யாருக்காக எழுதப்பட்டது என்பது அன்று கண்முன் நின்றது.

அன்றிலிருந்து இரண்டு கல்விகளை நாம் சேர்த்துத் தேட வேண்டியதாயிற்று. ஒன்று, டயப்பர் எப்படி வேலை செய்கிறது என்பது. மற்றது, அதை அணிந்தவரின் தொழுகைச் சட்டம்.

கனம் என்பது உறிஞ்சும் திறன் ஆகுமா?

கடையில் இரண்டு டயப்பர்களைக் கையில் எடுத்தால் கனமானதே மிகுதியாக உறிஞ்சும் என்று மனம் சொல்லும். எப்போதும் அப்படியில்லை. டயப்பரின் உடலில் பல அடுக்குகள் உள்ளன. தோலைத் தொடும் மேலடுக்கு, ஈரத்தை உள்ளே விட்டுவிட்டுத் தான் உலர்ந்திருக்க வேண்டும். அதன் கீழுள்ள அடுக்கு ஈரத்தை நீளவாக்கில் பரப்பும். நடுவிலுள்ள மையப்பகுதி அதைப் பிடித்துவைக்கும். வெளியடுக்கு ஈரம் துணிக்கு வராமல் தடுக்கும்.

மையப்பகுதியில் இருவகைப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, மரக்கூழிலிருந்து பஞ்சுபோல் ஆக்கப்பட்ட நார். மற்றது, சோடியம் பாலிஅக்ரிலேட் எனப்படும் வெண்மணிகள். மரக்கூழ் விரைவாக ஈரத்தை ஏற்கும். ஆனால் பஞ்சைப் பிழிந்தால் நீர் வருவதுபோல, உடலின் எடை அழுத்தும்போது திருப்பிக் கொடுத்துவிடும். வெண்மணிகளோ ஈரத்தை ஏற்று ஊதிக் கூழாகி, அழுத்தினாலும் பெரும்பகுதியை விடாமல் பிடித்துக்கொள்ளும். தூய நீரானால் தம் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு ஏற்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அத்திறன் பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ தாழ்ந்துவிடும். அதுவும் பெரிய அளவே.

ஆகவே மரக்கூழ் நிறைந்து பருமனாக இருக்கும் டயப்பரைவிட, மணிகள் போதிய அளவு சேர்ந்த மெல்லிய டயப்பர் மிகுதியாகப் பிடித்துவைக்கலாம். மணிகள் மட்டும் மிகுந்து நார் குறைந்தால் வேறொரு குறை உண்டு: மணிகள் ஊத நேரம் வேண்டும். ஒரே வேகத்தில் நிறையச் சிறுநீர் வெளியேறுபவருக்கு, அது உள்ளே இறங்குமுன் தொடையோரமாகக் கசிந்துவிடும்.

எனவே ஒரு டயப்பரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எவ்வளவு ஏற்கிறது? எவ்வளவு விரைவாக ஏற்கிறது? ஏற்றதை அழுத்தத்தில் திருப்பித் தருகிறதா? உறையின்மேல் அச்சிடப்படும் மில்லிலிட்டர் கணக்கு முதற்கேள்விக்கு மட்டுமே விடை. ஐ.எஸ்.ஓ. 11948 என்னும் பன்னாட்டுத் தரத்தின் முதற்பகுதியில் கூறப்படும் சோதனையில் டயப்பர் முழுவதையும் திரவத்தில் ஊறவைத்து, வடியவிட்டு, எடை பார்க்கிறார்கள். மனிதர் அணியும்போது ஈரம் ஒரே இடத்தில் விழுகிறது. அவர் உட்காருகிறார், புரளுகிறார். அதனால் அச்சிட்ட அளவை எட்டுவதற்கு வெகு முன்னரே கசிவு தொடங்கிவிடும்.

வீட்டில் செய்த சோதனை

நாம் மூன்று வகைகளை வாங்கி வீட்டிலேயே சோதித்தோம். ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துக்கொண்டோம். வெறும் நீரில் சோதித்தால் உண்மைக்கு மாறான நல்ல விடையே கிடைக்கும். ஒவ்வொரு டயப்பரிலும் ஒரே இடத்தில் 200 மில்லிலிட்டர் ஊற்றி, அது இறங்கும் நேரத்தைக் கணக்கிட்டோம். பத்து நிமிடம் கழித்து மேலே மெல்லிழைத் தாள்களை மடித்துவைத்து உள்ளங்கையால் அழுத்தினோம். இதையே மூன்று முறை செய்தோம்.

பருமனாக இருந்தது முதல்முறை விரைவாக ஏற்றது. இரண்டாம் முறையே தாளை நனைத்தது. மிக மெல்லியது முதல்முறையே சற்றுத் தயங்கியது. ஆனால் ஏற்றதை விடவில்லை. நடுத்தரமானது மூன்று முறையும் ஓரளவு உலர்ந்திருந்தது. எம் மகள் அருகில் அமர்ந்து நேரத்தை எழுதினாள். தன் பாட்டனாருக்காக இப்படிக் கணக்கெழுதிய பிள்ளை, நாளை எவர் முதுமையையும் அருவருக்காது என்று நம்புகிறோம்.

இச்சோதனைக்குப் பின் எம் வீட்டில் வழக்கம் இப்படி அமைந்தது. பகலில் மெல்லியது; கைலியின்மேல் புடைத்துத் தெரியாது, அமர்வதற்கும் நடப்பதற்கும் இடையூறில்லை. இரவில் மிகுதியாகப் பிடித்துவைக்கும் நடுத்தரம். பகலில் எது அணிவது என்பதை வாப்பாவே தெரிவுசெய்தார்கள். அணிபவரைக் கேட்காமல் வாங்குவது அவரைக் குழந்தையாக்குவதாகும்.

இன்னும் சில குறிப்புகள். ஒரு மில்லிலிட்டர் சிறுநீர் ஏறத்தாழ ஒரு கிராம். ஆகையால் மாற்றிய டயப்பரின் எடையிலிருந்து புதியதன் எடையைக் கழித்தால், எவ்வளவு சிறுநீர் வெளியேறியது என்பது தெரிந்துவிடும். இரண்டு மூன்று நாள்கள் இப்படி எழுதிவைத்தால் எந்த நேரத்திற்கு எது வேண்டும் என்பது விளங்கும். மருத்துவரிடம் காட்டவும் பயன்படும். இடுப்பு, புட்டச் சுற்றளவுகளை நாடாவால் அளந்து அளவைத் தேர்க. பெரியதாக வாங்கினால் தாராளமாக இருக்கும் என்று எண்ணலாகாது. தொடையோரத்தில் இடைவெளி விழுந்து கசியும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் அணிவிப்பதால் பயனில்லை. உள்ளிருப்பதன் வெளியடுக்கு நீர்புகாதது, நிரம்பியது பக்கவாட்டில்தான் வழியும். அணிவித்தபின் உட்பக்க மடிப்புகளைத் தொடையோரமாக விரலால் நிமிர்த்திவிட வேண்டும்.

எவ்வளவு உறிஞ்சினாலும், மலம் பட்டால் உடனே மாற்றியாக வேண்டும். மலமும் சிறுநீரும் சேரும்போது உண்டாகும் அம்மோனியா தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் கெடுத்துப் புண்ணாக்கும். மெல்ல ஒற்றித் துடைத்து, உலரவிட்டு, துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பை மிக மெல்லியதாகப் பூசலாம். அப்பிப் பூசினால் டயப்பரின் மேலடுக்கு அடைபட்டு உறிஞ்சாமல் போகும்.

அணிந்தவரின் தொழுகை

இனி வாப்பாவின் கேள்விக்கு வருவோம். நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். வஹீ எழுதிய பெருமைக்குரிய ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களுக்கு முதுமையில் சிறுநீர்க் கசிவு ஏற்பட்டது. இயன்றவரை அதற்குச் சிகிச்சை செய்தார்கள். அது மிஞ்சியபோது உளூச் செய்து தொழுதார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. இடைவிடாத உதிரப்போக்கால் துன்புற்ற ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களுக்கு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பஞ்சை வைத்துக்கொள்ளும்படியும், அதற்கும் மிஞ்சினால் துணியைக் கட்டிக்கொள்ளும்படியும் வழிகாட்டினார்கள். உறிஞ்சும் பொருளை அணிந்து இறைவன்முன் நிற்பது அன்றே அனுமதிக்கப்பட்டது. இன்று பஞ்சின் இடத்தில் டயப்பர் இருக்கிறது.

ஃபிக்ஹு நூல்கள் இதனை 'ஸலஸுல் பவ்ல்' என்னும் தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. உளூச் செய்து தொழும் அளவுக்குக்கூட இடைவெளியின்றிக் கசிவு நீடிப்பவரே இச்சலுகைக்கு உரியவர். ஷாஃபி மத்ஹபில், அவர் தொழுகை நேரம் வந்தபின் கழுவித் தூய்மை செய்து, உறிஞ்சும் துணியைக் கட்டி, உடனே உளூச் செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும். ஓர் உளூவில் ஒரு பர்ழும், விரும்பிய அளவு நஃபிலும் தொழலாம். அடுத்த பர்ழுக்கு மீண்டும் கழுவி, கட்டை மாற்றி, உளூச் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில், ஒரு வக்துக்குச் செய்த உளூ அந்த வக்து முடியும்வரை நிற்கும். அதற்குள் எத்தொழுகையும் தொழலாம். இவற்றைச் செய்தபின் தொழுகையின் நடுவே கசிவது மன்னிக்கப்பட்டதாகும். அது தொழுகையை முறிக்காது.

ஒவ்வொரு வக்துக்கும் மாற்றுவது பெருஞ்சிரமமான நோயாளிகளுக்கு வேறு சலுகைகளும் உள்ளன. நோயின் காரணமாக இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழ ஹன்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. ஷாஃபி இமாம்களில் நவவி (ரஹ்) அவர்களும் அக்கருத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொருவரின் நிலையும் வேறாதலால், உங்கள் ஊர் ஆலிமிடம் நிலையை விளக்கிக் கேளுங்கள். வெட்கத்தால் கேட்காமலிருந்து தொழுகையை விட்டுவிடாதீர்கள்.

இதை வாப்பாவிடம் நிதானமாக எடுத்துச் சொன்னோம். ஸைத் (ரழி) அவர்களைப் பற்றிச் சொன்னபோது, "அவங்களுக்குமா?" என்று கேட்டார்கள். நெடுநேரம் பேசவில்லை. பிறகு உளூவுக்குத் தண்ணீர் கேட்டார்கள். குடிப்பதற்குத் தண்ணீர் கேட்க இன்னும் சில நாள்கள் ஆயின.

ஐவேளைத் தொழுகையே மாற்றும் நேரமாக அமைந்தது எமக்குப் பேருதவியாயிற்று. பாங்கு சொன்னதும் வீட்டில் ஒருவர் எழுந்துவிடுவார். தொழுகைக்கான தூய்மை தோலையும் காத்தது.

ஒழுக்கமும் கடமையும்

மாற்றும்போது கதவைச் சாத்துங்கள். தேவையான இடம் தவிர மற்றதைப் போர்வையால் மூடுங்கள். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் பணிசெய்வது சிறந்தது; வேறு வழியில்லாதபோது தேவையின் அளவுக்கு மார்க்கம் இடம் தருகிறது. கையுறை அணிவதில் தவறில்லை. முகம் சுளிப்பதே தவறு. வந்தவர் முன்னிலையில் "மாத்தணுமா?" என்று உரக்கக் கேட்காதீர்கள்.

சிறுநீர்க் கசிவை முதுமையின் விதி என்று விட்டுவிடவும் கூடாது. சிறுநீர்த் தொற்று, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், கட்டுக்கடங்காத நீரிழிவு, நாட்பட்ட மலச்சிக்கல், சில மருந்துகள் ஆகியவற்றாலும் அது வரலாம். இவற்றில் பல குணப்படுத்தத் தக்கவை. எழுந்து செல்லக்கூடியவரை இரண்டு மூன்று மணிநேரத்திற்கு ஒருமுறை கழிவறைக்கு அழைத்துச் செல்லுங்கள். நம் வசதிக்காக டயப்பர் அணிவித்து, நடப்பவரைப் படுக்கவைப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

பயன்படுத்தியதில் மலம் இருந்தால் கழிவறையில் கொட்டிவிட்டு, சுருட்டித் தாளில் நன்கு பொதிந்து, தனியாகக் குப்பை சேகரிப்பவரிடம் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இவ்வாறு பொதிந்து கொடுக்கவே சொல்லின. அதைக் கையால் எடுப்பவரும் ஒருவருக்கு வாப்பாவோ உம்மாவோதான்.

சிறுபிராயத்தில் நம் ஈரத்தை மாற்றியவர்கள் அதன் கனத்தை நிறுத்துப் பார்க்கவில்லை; எத்தனை முறை என்று எண்ணவுமில்லை. அவர்களுக்குரிய கடனை நாம் முழுதும் அடைக்க இயலாது. அறிந்து, அளந்து, அன்போடு செய்ய இயலும். யா அல்லாஹ், சிறுவயதில் எங்களைப் பரிவோடு வளர்த்த பெற்றோர்மீது நீயும் பரிவு காட்டுவாயாக. தள்ளாமையில் வாடும் ஒவ்வொருவருக்கும் முகம் சுளிக்காத ஒரு கையை அருள்வாயாக. ஆமீன்.