எண்ணெயும் மின்சாரமும்



கடந்த வாரம் திருச்சிராப்பள்ளியில் மூன்று நாட்கள் நடைபெற்ற போதகர் மாநாட்டுக்கு நான் சென்றுவந்ததை அறிவீர்கள். வரதராஜன்பேட்டையைச் சுற்றியுள்ள முந்திரித் தோப்புகளிலும் கொட்டை உடைக்கும் வேலையிலும் உழைக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்காக நாம் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்தைக் குறித்துப் பேச, மூன்றாம் நாள் எனக்குப் பதினைந்து நிமிடங்கள் தரப்பட்டிருந்தன. பிள்ளைகளின் படங்கள், வரவு செலவு, அடுத்த ஆண்டுக்கான தேவைகள் யாவும் என் மடிக்கணினியில் இருந்தன. அங்கே நேர்ந்ததை உங்களிடம் மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் நாள் காலையிலேயே நான் முந்திக்கொண்டு, சுவரோரம் பிளக் பாயிண்ட் இருந்த இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய அரங்கில் அப்படிப்பட்ட இடங்கள் நான்கைந்துதான் இருந்தன. கூட்டங்களோ ஒன்றன்பின் ஒன்றாக மாலைவரை நீண்டன. தேநீர் இடைவேளையில் ஓர் இளம் ஊழியர் அருகே வந்து, "ஐயா, கொஞ்ச நேரம் நானும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டார். மாநாட்டு நிகழ்ச்சிக் குறிப்புகளை எழுதும் பொறுப்பு அவருடையது. "எனக்கு இன்னும் முழுதாக ஏறவில்லை, தம்பி" என்றேன். சொன்னது பொய்யல்ல, ஆனால் என் திரையில் 82 சதவீதம் இருந்தது. அவர் புன்னகைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் இரவு, களைப்போடு அறைக்குத் திரும்பி, மடிக்கணினியின் வயரைச் சுவரில் செருகிவிட்டு உறங்கினேன். காலையில் பார்த்தபோது 14 சதவீதமே இருந்தது. வயர் செருகியபடியே இருந்தது, சுவிட்சைத்தான் போடவில்லை!

அரங்குக்கு ஓடினேன். சுவரோர இருக்கைகள் யாவும் நிரம்பிவிட்டன. திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன், இணையத்தை அணைத்தேன். பத்து மணிக்கு 9 சதவீதம் ஆயிற்று. பதினொரு மணிக்கு நான் பேச வேண்டும். அப்பொழுதுதான் அந்த இளம் ஊழியரைக் கண்டேன். அன்று அவர் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்திருந்தார். ஒரே பிளக் பாயிண்டிலிருந்து நான்கு பேருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாவது இடம் அதில் இல்லை. என் முகத்தைப் பார்த்தவர் தம்முடைய வயரைக் கழற்றிவிட்டு, என்னுடையதை வாங்கிச் செருகினார். "உங்களுக்கு வேலை இருக்கிறதே, தம்பி" என்றேன். "எனக்குப் பேனா இருக்கிறது, ஐயா" என்று சொல்லி, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார். சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தவரும் அவர்தான்.

நம் பிள்ளைகளின் படங்கள் திரையில் தோன்றின. இரண்டு சபையார் படிப்பகத்தை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பேசி முடித்து அமர்ந்தபோது என் மனத்தில் மகிழ்ச்சியைவிட வெட்கமே மிகுந்திருந்தது.

திரும்பிவரும் பேருந்தில் இதையே தியானித்துக்கொண்டிருந்தேன். நம் மடிக்கணினிகளிலும் கைபேசிகளிலும் உள்ள லித்தியம் அயனி மின்கலம் 1991இல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு 97 வயது. நோபல் பரிசு பெற்றவர்களுள் மிக மூத்தவர் அவரே. தம் விசுவாசப் பயணத்தைக் குறித்தும் அவர் ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

அந்த மின்கலம் தானாக மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று தங்குகின்றன; பயன்படுத்தும்போது அவை திரும்பிவருகின்றன. உள்ளே சேராதது வெளியே வராது. முழுதும் தீர்ந்த பின்புதான் ஏற்ற வேண்டும் என்பதும் இல்லை. இடையிடையே சிறிது சிறிதாக ஏற்றுவதே அதற்கு நல்லது. கால் மணி நேரத் தேநீர் இடைவேளையும் வீண்போகாது. உண்பதற்கும் நேரமில்லாமல் ஜனங்கள் வருவதும் போவதுமாக இருந்தபோது, ஆண்டவர் தம்முடைய சீஷரைத் தனித்து இளைப்பாற அழைத்ததை மாற்கு ஆறாம் அதிகாரத்தில் காண்கிறோம். ஊழியத்தின் மும்முரத்திலும் நிரப்பிக்கொள்ளும் நேரம் வேண்டும்.

பத்துக் கன்னிகைகளின் உவமையை நீங்கள் நினைத்திருப்பீர்கள். புத்தியுள்ளவர்கள் எண்ணெயைக் கொடுக்கவில்லையே, அப்படியானால் முதல் நாள் நான் மறுத்ததும் சரிதானோ என்று என் மனமும் எனக்காக வாதாடிப் பார்த்தது. ஆனால் அதே மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். பசித்தவனுக்கு ஆகாரமும் தாகமுள்ளவனுக்குத் தண்ணீரும் கொடுத்தார்களா என்பதே அங்கே கேட்கப்படுகிறது. கடன் வாங்க முடியாதவை சில உண்டு: நம் ஜெபம், நம் விசுவாசம், நம் ஆயத்தம். அவற்றை அவரவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். பகிர்ந்துகொள்ள வேண்டியவை அநேகம் உண்டு: இடம், நேரம், உணவு, ஒரு பிளக் பாயிண்ட். நானோ இரண்டையும் தலைகீழாக்கினேன். என் ஆயத்தத்தில் அசதியாயிருந்தேன். எல்லாருக்கும் பொதுவானதை என்னுடையதென்று பிடித்துவைத்திருந்தேன்.

ஆலயத்தில் தவறாமல் அமர்ந்திருந்தும் உள்ளத்தின் சுவிட்சைப் போடாமல் வீடு திரும்பும் ஞாயிறுகள் நமக்கு உண்டல்லவா? இந்த வாரம் அதைச் சோதித்துப் பார்ப்போம். உங்கள் அருகில் ஒருவர் கூச்சத்தோடு எதையாவது கேட்டால், உங்கள் திரையில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அந்தத் தம்பிக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். "அதை நான் அன்றே மறந்துவிட்டேன், ஐயா" என்றார். நான் வாங்கியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு பேர் சார்ஜ் போடலாம். அடுத்த மாநாட்டுக்குச் செல்லும்போது என் பையில் முதலில் வைப்பது அதைத்தான்.

கர்த்தர் உங்களை நிரப்பி, உங்களால் பிறரையும் நிரப்புவாராக. ஆமென்.